ஹெட்டுக்குள் ஒரு சத்தம்

சித்தையன்கோட்டை நெல்லும் தென்னையும் விளையும் ஊர். ஆத்தூர்ப் பக்கம் உள்ள பேரூராட்சி. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திண்டுக்கல். அங்குள்ள வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் தண்டு தேய்ந்தாலும், அரவை மிஷினின் ஷாஃப்டில் சாவிப்பள்ளம் அகன்றுபோனாலும், அந்தச் சாமான் ஏதாவதொரு பட்டறைக்கு வந்தாக வேண்டும். திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நூற்பாலைகளின் உதிரிப் பாகங்களும் அப்படித்தான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது ஊர் அறிந்த செய்தி. இந்த வட்டாரத்தின் உலோக வேலை பூட்டோடு நின்றுவிடுவதில்லை.

உருளையான வேலையை லேத் பார்த்துக்கொள்ளும். பள்ளம் வெட்டவும், பல் வெட்டவும், முகத்தைத் தட்டையாக எடுக்கவும் மில்லிங் மிஷின் வேண்டும். கட்டரைப் பிடித்துச் சுழற்றும் அதன் மேல்பகுதியைப் பட்டறையில் ஹெட் என்பார்கள். நேற்றுவரை சீராக ஓடிய ஹெட் இன்று காலை கடகடத்தால், அல்லது உறுமினால், அங்கே முதலில் விழும் தீர்ப்பு ஒன்றுதான்: “பேரிங் போச்சு.”

தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஹெட்டுக்குள் சத்தம் எழக்கூடிய இடங்கள் ஏழெட்டு உண்டு. பேரிங் அவற்றில் ஒன்று மட்டுமே. சந்தேகத்தின் பேரில் நல்ல பேரிங்கைத் தட்டிக் கழற்றினால், அந்தத் தட்டலிலேயே அது கெட்டுப்போகும். ஸ்பானரை எடுப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சுழலும் ஒவ்வோர் உறுப்புக்கும் தனி வேகம் உண்டு. அந்த வேகத்திலிருந்து பிறக்கும் தனித் தாளம் உண்டு. உறுப்புகளை ஒவ்வொன்றாக விலக்கிக் கேட்டு, தாளத்தைக் கணக்கோடு ஒப்பிட்டால், குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் ஹெட்டைப் பிரிக்காமலேயே தெரிந்துவிடும்.

உள்ளே என்ன சுழல்கிறது?

இன்று சிறு பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் டரெட் மில்லிங் மிஷினின் மூல வடிவம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தது. ருடால்ஃப் பானோ, மேக்னஸ் வால்ஸ்ட்ரோம் என்ற இருவர் 1932-இல் முதலில் செய்தது ஹெட்டை மட்டும்தான். ஏற்கெனவே இருக்கும் மிஷின்களின் மேல் அதைப் பொருத்திக்கொள்ளலாம். அந்த ஹெட்டுக்கென்றே அமைத்த முழு மிஷின் 1938-இல் விற்பனைக்கு வந்தது. அதே அமைப்பைப் பின்பற்றித் தைவானிலும் இந்தியாவிலும் மிஷின்கள் செய்யப்பட்டன. கோவைப் பட்டறைகளில் எம்1டிஆர் என்று கேட்டால் இந்த வகையைத்தான் காட்டுவார்கள்.

ஹெட்டின் உச்சியில் மோட்டார். அதிலிருந்து பெல்ட் வழியாக ஸ்பிண்டில் புல்லிக்குச் சுழற்சி வருகிறது. சில மிஷின்களில் படிப்படியாக அளவு மாறும் புல்லி இருக்கும். வேகம் மாற்ற, மோட்டாரை நிறுத்தி பெல்ட்டை வேறு படிக்கு மாற்ற வேண்டும். வேறு சிலவற்றில் இரு பாதிகளாகப் பிளந்த வேரியேட்டர் புல்லி. பாதிகள் நெருங்கவும் விலகவும் பெல்ட்டின் வேகம் மாறும். ஸ்பிண்டிலை நேரடியாகவும் ஓட்டலாம், பேக் கியர் வழியாக மெதுவாகவும் ஓட்டலாம். பிரிட்ஜ்போர்ட் அமைப்பில் பேக் கியர் போட்டால் ஸ்பிண்டில் எதிர்ப்பக்கம் சுழலும். அதைச் சரிக்கட்ட மோட்டாரைத் திருப்பி ஓட்ட வேண்டும்.

ஸ்பிண்டிலைத் தாங்கிக்கொண்டு மேலும் கீழும் நகரும் உருளைக்குக் குவில் என்று பெயர். குவில் இறங்கும்போதும் ஸ்பிண்டில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டுமே? அதற்காக ஸ்பிண்டிலின் மேல்முனையில் நீளவாட்டில் பற்கள் வெட்டியிருப்பார்கள். ஸ்ப்லைன் எனப்படும் அந்தப் பற்கள் புல்லியின் நடுத்துளைக்குள் வழுக்கியபடியே சுழற்சியை வாங்கிக்கொள்ளும். குவிலின் அடிமுனையில் ஜோடியாக இரண்டு பேரிங்குகள், மேல்முனையில் ஒன்று. தானாகக் குவிலை இறக்கும் ஃபீட் அமைப்புக்குத் தனியாக ஒரு வார்ம் கியர். இவ்வளவுதான் சந்தேகப் பட்டியல்.

விலக்கி விலக்கிக் கேட்பது

முதல் சோதனைக்கு ஸ்டாப் பட்டன் போதும். ஹெட்டை ஓட்டி, சத்தம் தெளிவாகக் கேட்கும்போது சுவிட்சை அணைக்க வேண்டும். ஸ்பிண்டில் சில வினாடிகள் தன்பாட்டில் சுழன்று நிற்கும். மின்சாரம் நின்ற அதே கணத்தில் சத்தமும் நின்றால், அது மோட்டாரின் காந்தப்புலத்தில் பிறந்த சத்தம். சுழற்சியோடு சேர்ந்து தேய்ந்து தேய்ந்து மறைந்தால், இயந்திர உறுப்பில் பிறந்தது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் இரும்பு அதன் இருமடங்கில், அதாவது வினாடிக்கு 100 முறை அதிரும். பெல்ட், கியர் வழியாக ஸ்பிண்டிலின் வேகத்தை எப்படி மாற்றினாலும் இந்த 100 ஹெர்ட்ஸ் உறுமல் மாறாது. வேகம் மாற்றும் டிரைவ் பொருத்திய மோட்டாரில் உறுமலின் மேல் மெல்லிய கீச்சொலி ஒன்றும் சேரும். டிரைவ் மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பதால் வருவது அது. டிரைவின் அமைப்பில் அந்த வெட்டும் அதிர்வெண்ணை உயர்த்தினால் காதுக்கு எட்டாமல் போகும்.

இரண்டாவது, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரை மட்டும் ஓட்டுவது. சத்தம் அப்படியே இருந்தால் விசாரணை மோட்டாரோடு முடிந்தது. அதன் இரண்டு பேரிங்குகளைப் பார்த்தால் போதும். மோட்டார் அமைதியாக ஓடினால் பெல்ட்டைத் திரும்ப மாட்டி, நேரடிக்கும் பேக் கியருக்கும் இடையில் நெம்புகோலை நடுவில் நிறுத்தி ஓட்ட வேண்டும். இப்போது புல்லி சுழலும், ஸ்பிண்டில் சுழலாது. சத்தம் இங்கே தொடங்கினால் பெல்ட், வேரியேட்டர், புல்லியின் பேரிங் ஆகிய மூன்றில் ஒன்று.

பிறகு நேரடி இணைப்பில் ஓட்டிக் கேட்பது. அதன்பின் பேக் கியரில். பேக் கியரில் மட்டும் சத்தம் வந்தால் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது எண்ணெய் வற்றியிருக்கிறது, அல்லது நெம்புகோல் முழுதாக உட்காரவில்லை. நேரடி இணைப்பில் எழும் கடகடப்பு குவிலை இறக்கினால் மாறுகிறதா, கட்டருக்கு வேலை கொடுத்தால் அடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஆமென்றால் ஸ்ப்லைன் தேய்ந்த ஆட்டம் அது. கடைசியாக, ஃபீடைச் சேர்த்தும் பிரித்தும் பார்ப்பது. சேர்த்தால் மட்டும் சத்தம் என்றால் வார்ம் கியர் பக்கம் போக வேண்டும்.

நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஹெட்டின் அசையாத இரும்பில் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பது பழைய ஃபிட்டர்களின் வழக்கம். இதில் அறிவியல் உண்டு. இரும்பில் ஒலி வினாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் பாய்கிறது. காற்றில் சுமார் 340 மீட்டர்தான். வேகத்தைவிட முக்கியமானது, திடப்பொருளில் இருந்து காற்றுக்குத் தாவும்போது ஒலியின் பெரும்பகுதி எல்லையிலேயே திருப்பி அனுப்பப்படுகிறது என்பது. எலும்போடு இரும்பைச் சேர்த்தால் அந்த இழப்பு பெரிதும் குறைகிறது. ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. எதைப் பயன்படுத்தினாலும் தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, அவிழ்ந்த முடி எதுவும் கூடாது. சுழலும் உறுப்பின் பக்கம் முகத்தைக் கொண்டுபோகவும் கூடாது.

ஒரு பேரிங்கின் எண்கள்

பேரிங்தான் என்று முடிவானால் அடுத்த கேள்வி, அதன் எந்தப் பாகம் என்பது. இதற்கு 6206 நல்ல எடுத்துக்காட்டு. மோட்டாரிலும் பம்பிலும் மில்லிங் ஹெட்டிலும் சாதாரணமாகக் கிடைக்கும் பேரிங் அது. உள்விட்டம் 30 மி.மீ., வெளிவிட்டம் 62 மி.மீ., வழக்கமான அமைப்பில் 9 குண்டுகள், ஒவ்வொன்றும் 9.525 மி.மீ. குண்டுகளின் நடுப்புள்ளிகள் அமையும் வட்டத்தின் விட்டம் 46 மி.மீ.

உள்வளையம் ஒரு சுற்று சுற்றும்போது, குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு ஒரு முழுச் சுற்று வருவதில்லை. குண்டு ஒரு பக்கம் நிற்கும் வெளிவளையத்தையும் மறுபக்கம் ஓடும் உள்வளையத்தையும் தொட்டு உருள்வதால், கூடு சுமார் 0.4 சுற்றுதான் நகரும். இதிலிருந்து மற்றவை கிடைக்கின்றன. வெளிவளையத்தில் ஒரு சிறு குழி விழுந்திருந்தால், ஸ்பிண்டிலின் ஒரு சுற்றுக்கு 3.57 முறை குண்டுகள் அதில் இடிக்கும். குழி உள்வளையத்தில் என்றால் 5.43 முறை. இரண்டையும் கூட்டினால் 9, அதாவது குண்டுகளின் எண்ணிக்கை.

ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 20 சுற்று. வெளிவளையக் குழி வினாடிக்கு 71 முறை தட்டும். உள்வளையக் குழி 109 முறை. இந்த 109-ஐ மோட்டாரின் 100 ஹெர்ட்ஸ் உறுமலோடு காது எளிதில் குழப்பிக்கொள்ளும். வேகத்தை 900-க்கு இறக்கினால் குழப்பம் தீர்ந்தது: உள்வளையத்தின் தட்டல் 81-க்கு வந்துவிடும், மோட்டாரின் உறுமல் 100-லேயே நிற்கும்.

ஒவ்வொரு தட்டலும் வளையத்தை மணி போல ஒலிக்கச் செய்கிறது. அந்த ஒலி பல ஆயிரம் ஹெர்ட்ஸில் எழுந்து உடனே அடங்குகிறது; அடுத்த தட்டலில் மறுபடி எழுகிறது. காதுக்கு எட்டும் ‘கிர்ர்’ இந்த இரண்டும் கலந்ததுதான். தட்டல்களின் உயர் அதிர்வெண் பகுதியை மட்டும் பிடித்து, அது வினாடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணும் கருவிகள் இப்போது பெரிய ஆலைகளில் உண்டு. சுவீடனில் உருவான ஷாக் பல்ஸ் முறையில் உணரியையே 32 கிலோஹெர்ட்ஸுக்கு இசைவாகச் செய்துவிட்டார்கள். பெல்ட், கியர் ஆகியவற்றின் ஆரவாரம் அந்த உயரத்தை எட்டுவது அரிது. பேரிங்கின் தட்டல் எட்டும்.

பேரிங் கெடுவதைப் பற்றிய இந்த ஆராய்ச்சிக்கும் ஆலைகளுக்கும் நூறாண்டுக்கு மேலான உறவு இருக்கிறது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற இளைஞர் ஒரு துணி ஆலையில் பொறியாளராக இருந்தார். ஆலை களிமண் நிலத்தில் நின்றது. நிலம் அமுங்க அமுங்க, கூரையடியில் ஓடிய நீண்ட ஷாஃப்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகின; பேரிங்குகள் சூடேறிக் கெட்டன. பேரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பதை விட்டு, அவர் காரணத்தைத் தேடினார். ஷாஃப்ட் சற்றுச் சாய்ந்தாலும் தானே சாய்ந்துகொடுக்கும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கை வடிவமைத்தார். 1907-இல் அதைச் செய்வதற்காகத் தொடங்கிய கம்பெனிதான் எஸ்கேஎஃப்.

மில்லிங் ஹெட்டின் பேரிங் கெடுவதற்கும் காரணங்கள் அதற்கே உரியவை. டிரைவ் வழியாக ஓடும் மோட்டாரில் சில வேளை ஷாஃப்ட் வழியே மின்சாரம் கசிந்து, பேரிங்கின் ஓடுபாதையில் வரிவரியாகப் பள்ளம் அரித்துவிடும். வார்ப்பிரும்பு, பித்தளைத் துகள்கள் உள்ளே நுழைவது இன்னொரு காரணம். ஏலத்தில் எடுத்த பழைய மிஷின் லாரியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குலுங்கி வந்தாலும் ஆபத்துதான். சுழலாமல் நிற்கும் குண்டு ஒரே இடத்தில் நின்று அதிர்ந்தபடி, இடையிலிருக்கும் கிரீஸை வெளியேற்றி, குண்டு நின்ற இடங்களில் சரியான இடைவெளியில் பள்ளம் பதித்துவிடும். ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றினால் அந்தப் பள்ளங்கள் படிப்படியாக விரலுக்குத் தெரியும்.

வெட்டும்போது மட்டும் அலறினால்

வெறுமனே ஓடும்போது அமைதி, கட்டர் இரும்பைத் தொட்டதும் அலறல். இது வேறு வகை. சாட்டர் என்று பட்டறைகளில் சொல்லும் இந்த அதிர்வு, நல்ல ஹெட்டிலும் வரும். 1906-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் உலோக வெட்டு பற்றிப் பேருரை ஆற்றிய ஃபிரெடரிக் டெய்லர், பட்டறையில் எதிர்ப்படும் சிக்கல்களிலேயே மிகவும் பிடிபடாதது இதுதான் என்று கருதினார்.

விளக்கம் கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. கட்டரின் ஒரு பல் லேசாக அதிர்ந்தபடி வெட்டினால், வெட்டிய முகத்தில் அலை அலையான தடம் விழுகிறது. அடுத்த பல் அந்த அலையின் மேல் வருகிறது. மண் சாலையில் ஒரு வண்டி குதித்த மேட்டில் அடுத்த வண்டியும் குதித்து, மேடு வளர்ந்துகொண்டே போவதுபோல, ஒவ்வொரு பல்லும் முந்தைய பல்லின் அலையைப் பெரிதாக்குகிறது. 1950-களில் பிராகில் யிர்ஷி துலுஸ்தி, இங்கிலாந்தில் ஸ்டீபன் டோபயஸ் ஆகியோர் இதைக் கணிதமாக்கினார்கள். துலுஸ்தியின் நாடான செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு 1962-இல் பெங்களூரில் மத்திய இயந்திரக் கருவி நிறுவனம் தொடங்கப்பட்டது. சிஎம்டிஐ என்று அறியப்படும் அந்த நிறுவனத்தின் இயந்திரக் கருவி வடிவமைப்புக் கையேட்டைத் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

சாட்டரை அடையாளம் காணவும் கணக்கு உண்டு. நான்கு பல் கட்டர் 1,200 சுற்றில் ஓடினால் பற்கள் வினாடிக்கு 80 முறை வெட்டும். கேட்கும் ஒலி 80, 160, 240 என்ற வரிசையில் அமைந்தால் அது வெட்டின் இயல்பான தாளம். அந்த வரிசையில் சேராத, வேகத்தை மாற்றினாலும் ஏறக்குறைய அதே சுருதியில் நிற்கும் கூச்சல் சாட்டர். அதற்குப் பேரிங் மாற்றிப் பயனில்லை. கட்டர் வெளியே நீட்டியிருக்கும் நீளத்தைக் குறைக்க வேண்டும். குவிலை மேலே ஏற்றி லாக் செய்ய வேண்டும். நகரத் தேவையில்லாத மேஜை அச்சுகளையும் பூட்ட வேண்டும். பிறகு வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும். அலைகளும் பற்களும் ஒன்றோடொன்று பொருந்திப்போகும் வேகத்தில் அதிர்வு வளர இடமிருக்காது. பற்களின் இடைவெளியை வேண்டுமென்றே சமமில்லாமல் வைத்த கட்டர்கள் விற்பனைக்கு வருவதும் இதனால்தான்.

சரிசெய்யும் கை

எளிதானதிலிருந்து தொடங்கலாம். நெடுநாள் நிற்கும் மிஷினில் பெல்ட் புல்லியின் வளைவிலேயே விறைத்துவிடும். ஓடும்போது தொம் தொம் என்று சீரான அடி கேட்கும். சற்று ஓடிச் சூடானதும் அது அடங்கினால் பெல்ட்டுக்கு மன்னிப்பு. அடங்காவிட்டால் புதிய பெல்ட். புல்லியில் வெடிப்போ தேய்மானமோ இருந்தால் புதிய பெல்ட்டும் விரைவில் கெடும்.

வேரியேட்டர் ஹெட்டில் எழும் கடகடப்புக்கு மிக வழக்கமான காரணம், புல்லியின் நகரும் பாதிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் தேய்வது. புஷ்ஷின் விலை சொற்பம்; அதைத் தேய விட்டால் உலோகம் உலோகத்தில் உரசி ஷாஃப்ட் கெடும். வேரியேட்டரின் வேகத்தை மிஷின் ஓடும்போது மட்டுமே மாற்ற வேண்டும். பேக் கியர் நெம்புகோலுக்கு விதி நேர்மாறு: ஸ்பிண்டில் முழுதாக நின்ற பிறகு, கையால் சற்றுச் சுற்றிக்கொடுத்துப் பல்லோடு பல் சேர்ந்தபின்பே தள்ள வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்வதால் கெட்ட ஹெட்டுகள் பல. தேய்ந்த ஸ்ப்லைனைப் பழையபடி ஆக்க முடியாது. கெட்டியான கிரீஸ் சத்தத்தைத் தணிக்கும். வெட்டின் தரம் பாதிக்கப்படாதவரை அப்படியே ஓட்டலாம்.

ஸ்பிண்டில் பேரிங்கை மாற்றியே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் டயல் கேஜ் சாட்சி சொல்லட்டும். ஸ்பிண்டிலின் டேப்பர் துளைக்குள் முனையை வைத்துக் கையால் சுற்றினால், நல்ல ஹெட்டில் முள் 0.01 மி.மீ. அளவுக்குள் நிற்கும். மரக்கட்டையால் ஸ்பிண்டிலை மேலும் கீழும் நெம்பும்போது முள் துள்ளினால், ஜோடி பேரிங்கின் இறுக்கம் போய்விட்டது என்று பொருள்.

அடிமுனை பேரிங்குகள் ஜோடியாகவே செய்யப்படுபவை; ஜோடியாகவே வாங்க வேண்டும். சேர்த்துச் செய்த ஜோடியின் வெளிப்பக்கத்தில் பொறித்திருக்கும் வி குறி, இரண்டும் சேரும்போது முழுதாக அமையும். அது எந்தப் பேரிங் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லும். இரண்டு பேரிங்குகளுக்கும் இடையில் வரும் உள், வெளி ஸ்பேசர் வளையங்கள் ஒரே உயரத்துக்குச் சேர்த்துச் சாணை பிடித்தவை. ஒன்றை மட்டும் தேய்த்தால் முன்னிறுக்கம் மாறி, பேரிங் ஆடும் அல்லது எரியும். பேரிங்கைச் சுமார் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் ஷாஃப்டில் வழுக்கி இறங்கும். காஸ் விளக்கின் தீயைக் காட்டவே கூடாது. அழுத்த வேண்டி வந்தால் ஷாஃப்டில் ஏறும் உள்வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அந்த விசை குண்டுகள் வழியே பாய்ந்து, புதிய பேரிங்கிலேயே முதல் பள்ளத்தைப் பதித்துவிடும். துடைக்க வேஸ்ட் பஞ்சு வேண்டாம், அதன் இழை உள்ளே தங்கும். கிரீஸ், பேரிங்கின் காலியிடத்தில் கால்பாகம் முதல் மூன்றில் ஒரு பாகம் வரை போதும். நிறைத்து அப்பினால் கிரீஸ் கடைபட்டே சூடு ஏறும்.

பூட்டிய ஹெட்டை உடனே முழு வேகத்தில் விரட்டக் கூடாது. மிகக் குறைந்த வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டி, குவிலின் அடிப்பகுதியின் சூடு ஒரு நிலைக்கு வந்ததும் அடுத்த வேகம், அது நிலைத்ததும் அதற்கடுத்தது. கிரீஸ் பாதையில் சமமாகப் பரவ இந்த நேரம் தேவை. சூடு நிலைக்காமல் ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி ஆறவிட்டுத்தான் தொடர வேண்டும்.

எல்லா வேகமும் தாண்டியபின், ஹெட்டின் ஒரே இடத்தில் செல்போனை வைத்து, 1,200 சுற்றில் ஒரு நிமிடம் பதிவு செய்து தேதியோடு வைத்துக்கொள்ளலாம். ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாதம் ஒருமுறை அதே இடம், அதே வேகம், அதே ஒரு நிமிடம். முதல் பதிவில் இல்லாமல் வினாடிக்கு 71 முறை துடிக்கும் ஒலி ஒன்று பின்னொரு மாதத்தில் தலைகாட்டினால், மேல்முனையில் 6206 இருக்கும் ஹெட்டில் அதன் வெளிவளையத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். பேரிங்குக்கு ஆர்டர் கொடுத்து, வேலை குறைந்த ஒரு நாளைப் பார்த்து ஹெட்டைக் கழற்ற நேரம் இருக்கும்.